மைராமின் பாதையில் ஏழாயிரம் அடி

ஏழாவது வாசலைத் தாண்டியதும் ஷர்ஷென் நின்று, இடது மணிக்கட்டில் கட்டிய அடி எண்ணும் பட்டையைத் திருப்பிப் பார்ப்பார். கண்ணாடி இல்லாமல் அந்த எண் தெரியாது. கண்ணாடி சட்டைப் பையில் இருக்கும், சட்டை கோட்டுக்குள் இருக்கும். பொத்தான்களைக் கழற்றித் தேடி எடுத்து மூக்கில் மாட்டுவதற்குள் பட்டையின் வெளிச்சம் அணைந்துவிடும். "பாத்தியா, நான் பார்க்க வந்தா மட்டும் கண்ண மூடிக்கும்" என்று திட்டிக்கொண்டே விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் என்று வரும். சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி நடப்பார்.

கோச்கோர் ஊரில் இதைக் கண்ணால் பார்த்தும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டிய மனிதர். எதிர்ச்சாரிக் கடையில் உப்பு வாங்கவும் வண்டியை எடுத்தவர். "மனுஷன் நடக்கணும்னா ஆண்டவன் எதுக்குச் சக்கரத்தக் கொடுத்தான்?" என்பது அவருடைய அன்றைய வேதம். வண்டியை இளம் டிரைவர் எல்தாரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவர் உடம்பு டிரைவர் இருக்கையின் வடிவத்திலேயே இருந்தது. முதுகு வளைந்திருக்கும். வலது கால் மட்டும் முன்னால் நீண்டு பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கும்.

பட்டை வந்தது மே மாதக் கடைசியில், நெஞ்சுவலி வந்து பிழைத்த பத்தாவது நாள். மகள் அய்சுலூ பிஷ்கெக்கில் நர்ஸ். அவளே கொண்டுவந்து, அவளே அவர் கையில் கட்டினாள்.

"அத்தா, மூணு மாசம் டைம். தினம் ஏழாயிரம் அடி. நீங்க நடந்தா இது எண்ணும், எண்ணினது என் போனுக்கு வந்துரும். மாசத்துக்கு ரெண்டு நாள் தவறலாம். அதுக்கு மேல ஒரு நாள் தவறுனாலும் வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்."

"எங்க, அந்த ஒம்பதாவது மாடிக்கா? அங்க புறாதான் குடியிருக்கும்."

"அங்க டாக்டர் இருக்காங்க, நான் இருக்கேன். இங்க யாரு இருக்கா?"

ஷர்ஷென் கதவுப் பக்கம் பார்த்தார். மனைவி மைராம் போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் அந்த ஊருக்குத் தபால் கொடுத்தவள். அவளுடைய கான்வாஸ் பை கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்கியது. அதைத் தொடவும் அவருக்கு மனமில்லை, எடுத்து வைக்கவும் மனமில்லை. இந்த வீட்டை ஒரு தரம் பூட்டினால் மறுபடி திறக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒன்பதாவது மாடியில் அந்தப் பைக்கு ஆணி அடிக்க விடுவார்களா என்பதுதான் சந்தேகம்.

முதலில் அவர் செய்தது, யோக்கியமான எந்த டிரைவரும் செய்வதைத்தான். குறுக்கு வழி தேடினார். தம்பி ஊர் ஓரத்தில் குதிரைகள் கட்டியிருந்தான். குதிரைப்பால் கடைகிற வீட்டுக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் பீப்பாயில் நிற்கும் மத்தைப் பிடித்து நாலு இடி இடித்துவிட்டுத்தான் உட்காரவேண்டும். ஷர்ஷெனும் இடித்தார். தற்செயலாகக் கையைப் பார்த்தால் பட்டையில் எண் ஏறியிருந்தது. அவ்வளவுதான், ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எட்டு நாள் அந்தப் பீப்பாய்க்கு ஓய்வில்லை. காலையில் மூவாயிரம், மாலையில் நாலாயிரம். தம்பி மனைவிக்குக் கை வலி போய்விட்டது. "பெரியவரு வந்ததுலேர்ந்து நுரை என்னமா வருது!" என்று தெருவெல்லாம் சொன்னாள். ஒன்பதாம் நாள் அய்சுலூவிடமிருந்து போன் வந்தது.

"அத்தா, எட்டு நாள்ல அம்பத்தாறாயிரம் அடி நடந்திருக்கீங்க."

"பின்ன? சொன்னா சொன்னதுதான்."

"ஆனா வரைபடத்துல உங்க புள்ளி சித்தப்பா முற்றத்த விட்டு நகரவே இல்லையே. முளையில கட்டிப்போட்ட குதிரையா நீங்க?"

"முற்றம் பெருசும்மா."

பக்கத்தில் இருந்த தம்பி போனைப் பிடுங்கி, அண்ணன் நடந்தார், தான் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தான். வேலிக்கு ஓணான் சாட்சி. "சித்தப்பா, கடைஞ்சதுல எத்தன கிண்ணம் உள்ள போச்சு?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். தம்பி போனை அண்ணனிடமே கொடுத்துவிட்டான். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

நடக்கலாம் என்றால் எங்கே நடப்பது? வேன் ஓட்டியவனுக்குப் புறப்படும் இடமும் போய்ச்சேரும் இடமும் வேண்டும். ஒரு காரியமும் இல்லாமல் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறவனை ஊர் என்ன நினைக்கும்? வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கொல்லைப்புறத்தில் உருளைக்கிழங்குப் பாத்தியைச் சுற்றினார். மூன்றாம் நாள் ஆணியிலிருந்து மைராமின் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பை இருந்தால் ஏதோ வேலையாகப் போகிறார் என்று தோன்றும் அல்லவா? பை தோளில் ஏறியதும் கால்கள் அவள் போன வழியே போயின. தபால் ஆபீஸ், ஆற்றுப்பாலம், நெட்டைப் பாப்ளார் மரங்கள் நிற்கும் இரண்டு தெருக்கள், இருபத்து மூன்று வாசல்கள், அவற்றில் கடைசி மூன்று பெரிய சாலை வளைவுக்கு அப்பால், பிறகு வீடு. வீட்டுக்கு வந்து பட்டையைத் தட்டினார். ஏழாயிரத்து நூற்று நாற்பது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். தனக்குத் தண்டனையாக வந்த இதைத்தான் அவள் தினமும் நடந்தாள், பனியிலும் சேற்றிலும், அய்சுலூவை வயிற்றில் வைத்துக்கொண்டும். அந்த நேரத்தில் அவர் வெதுவெதுப்பான வண்டிக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சில நாள் பெரிய சாலை வளைவில் அவளைப் பார்ப்பார். வண்டியை ஓரங்கட்டி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கையை இடுப்பளவில் நீட்டி, ஈ ஓட்டுவதுபோல் புறங்கையை இரண்டு தரம் அசைப்பாள். நீ போ, நான் வருகிறேன் என்று அர்த்தம். "ஏறமாட்டா. நடந்துதான் வருவா" என்று பயணிகளிடம் சொல்லிவிட்டு அவர் கியரை மாற்றுவார். முன் இருக்கையில் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு அய்சுலூ உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளாவது வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி அவளோடு நடந்திருக்கலாம். அந்த எண்ணம் அவருக்கு வந்தது அறுபத்து நாலாவது வயதில், கையில் பட்டையோடு.

ஜூலை முடிவில் மருந்துக்கடை எடைமேடையில் ஏறி நின்றால் நாலு கிலோ கூடியிருந்தது.

"நடந்தா இளைப்பாங்க, அத்தா! நீங்க மட்டும் எப்படி ஊதுறீங்க?"

"வாசலுக்கு வாசல் ரொட்டிய நீட்டுறாங்களே!"

"வேண்டாம்னு சொல்லுங்க."

"ரொட்டிய வேண்டாம்னு சொல்றதா? உங்க ஆஸ்பத்திரியில இதத்தான் சொல்லிக் கொடுக்கிறாங்களா?"

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வாசலைக் கடந்து போகிறவனைக் கூப்பிட்டு "ரொட்டியில வாய் வச்சுட்டுப் போங்க" என்பார்கள். வாய் வைக்காமல் போவது அந்த வீட்டை அவமதிப்பது. ரொட்டியோடு பாலாடை வரும், பாலாடையோடு ஆப்பிள் ஜாம் வரும். இருபத்து மூன்று வாசல் என்றால் இருபத்து மூன்று பாலாடை. மைராம் கடைசிவரை ஒல்லியாகவே இருந்தாளே, அது எப்படி?

விடை பதினோராவது வாசலில் கிடைத்தது. அங்கே ஜுமாஷ் இருக்கிறார். கூட்டுப் பண்ணையில் கணக்கெழுதியவர், ஷர்ஷெனோடு படித்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் அசையாது. அவரும் அவர் வாயும் வாசல் பெஞ்சிலேயே இருக்கும். அவருக்கு மருந்துக்கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது எப்படியோ ஷர்ஷென் வேலையாகிவிட்டது. அன்றைக்கு ஷர்ஷென் பாலாடையை வழித்துத் தின்பதைப் பார்த்துவிட்டு ஜுமாஷ் சிரித்தார்.

"டேய், உம் பொண்டாட்டி எப்படிச் சமாளிச்சான்னு தெரியாதா உனக்கு? ஒரு விள்ளல் பிட்டு வாயில போட்டுக்குவா. மிச்சம் பைக்குள்ள போயிரும். கொடுத்தவங்களுக்கும் மனசு நெறஞ்சிரும்."

ஷர்ஷென் பைக்குள் கையை விட்டார். அடி மூலையில், தையல் ஓரமாக, கல்லாய்க் காய்ந்த ரொட்டித் துணுக்குகள் விரலில் தட்டுப்பட்டன. ஒரு நாள் இந்தப் பையிலிருந்து ரொட்டித் துண்டுகள் தரையில் கொட்டியதும், "வாசல் வாசலாப் பிச்சையா எடுக்கிற? என் மானத்த வாங்கவா?" என்று தான் கத்தியதும் நினைவுக்கு வந்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பசுவுக்குப் போட்டாள். ஷர்ஷென் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து ஒரு விள்ளல்தான். தேநீரில் ஐந்து கரண்டிச் சர்க்கரை இரண்டாகக் குறைந்தது. ஆட்டு வால் கொழுப்பை விருந்துகளில் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளக் கற்றுக்கொண்டார். சாப்பிட்டதும் சாய்வதில்லை. எதிரே வருகிறவர்களை நிறுத்தி, "நேத்து ஆறு மணி நேரம் நாப்பது நிமிஷம் தூங்கியிருக்கேன்" என்று சொல்வார். முன்பெல்லாம் ராத்திரி நன்றாகத் தூங்கினேனா என்று மைராமைக் கேட்பார். இப்போது பட்டையைக் கேட்கிறார். பட்டை குறட்டையைப் பற்றிக் குறை சொல்வதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம், அந்தக் குறையைக் கேட்க அவருக்கு இப்போது ஆசையாக இருக்கிறது.

செப்டம்பரில், ஊரே கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த சமயத்தில், தவணையின் கடைசி நாள் வந்தது. அந்த மாதத்துக்கு விட்டுக்கொடுத்த இரண்டு நாளும் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தன. ஒன்று ஆலங்கட்டி மழையில் போயிற்று. மற்றது தம்பியின் மாமனார் செத்த அன்று. வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதவர், நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அழுகையைப் பட்டை எண்ணுவதில்லை. மாலையில் அய்சுலூ வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்றைய கணக்கும் சரியாக இருந்தால் வீடு தப்பும்.

விடிந்ததும் வீட்டைப் பெருக்கினார், மாவு பிசைந்து வைத்தார், பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏழாவது வாசலைத் தாண்டி வழக்கம்போல நின்று, பொத்தான்களைக் கழற்றிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பினார். வெயிலில் கறுத்த கையில் வெள்ளையாய் ஒரு பட்டை அளவுக்குத் தோல்தான் தெரிந்தது. பட்டையும் போனும் ஜன்னல் பலகையில் ஜோடியாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நடக்க முழங்கால் இடம்கொடுக்காது. தம்பி வீட்டுப் பீப்பாய் ஒரு கணம் கண்முன் வந்து போனது. உட்கார்ந்த இடத்தில் ஏழாயிரம். பையில் ஜுமாஷின் மாத்திரை இருந்தது. எட்டாவது வாசலில் ஏற்கெனவே ஒரு பெண் ரொட்டித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அவர் எட்டாவது வாசலுக்கு நடந்தார்.

"மடையா! ஓடிப்போய் எடுத்து மாட்டு. இல்லேன்னா இன்னைக்கே ஒம்பதாவது மாடிதான்!" என்று பதினோராவது வாசலில், அவர் வெறுங்கையைப் பார்த்துவிட்டு ஜுமாஷ் கத்தினார்.

"மாத்திரையப் போடு. நடக்கிறது நானு, அதுவா?" என்றார் ஷர்ஷென்.

இருபதாவது வாசல் முடிந்து பெரிய சாலை வளைவுக்கு வந்தபோது பின்னால் இரண்டு முறை ஹாரன் அடித்தது. எல்தாரின் வேன், ஒரு காலத்தில் அவருடைய வேன். முன் இருக்கை ஜன்னலிலிருந்து அய்சுலூ எட்டிப் பார்த்தாள். லீவு கிடைத்துக் காலை வண்டியிலேயே வந்துவிட்டாள். கையில் போன் இருந்தது, முகம் வெளுத்திருந்தது.

"அத்தா! காலையிலேர்ந்து சைபர்னே காட்டுது, போனையும் எடுக்கல. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்!" கண் அவர் கைக்குப் போனது. "பட்டை எங்க?"

"ஜன்னல்ல இருக்கு. மறந்துட்டேன்."

"அப்ப இன்னைக்குக் கணக்கு?"

"கணக்குல சைபர்தான், கண்ணு."

அவள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சு வாங்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. தோளில் அம்மாவின் பை, அதன் வாயில் துருத்திக்கொண்டு ஒரு ரொட்டித் துண்டு.

"ஏறுங்க பைகே, வீட்டுல இறக்கி விடுறேன்" என்று எல்தார், அண்ணனைக் கூப்பிடும் உரிமையோடு கதவைத் திறந்துவிட்டான்.

ஷர்ஷென் வண்டியைப் பார்க்கவில்லை. இன்னும் மூன்று வாசல் இருந்தது. சாலையோரமாக நடக்கத் தொடங்கி, திரும்பாமலே கையை இடுப்பளவில் நீட்டினார். ஈ ஓட்டுவதுபோல் புறங்கை இரண்டு தரம் அசைந்தது.

எல்தார் மறுபடி ஹாரனில் கை வைத்தான். அய்சுலூ அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏறமாட்டாரு. நடந்துதான் வருவாரு" என்று சொல்லிவிட்டு, சைபர் காட்டிக்கொண்டிருந்த போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.