தலையில் தட்டப் போன கை

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது, வேர்க்கடலை மென்றுகொண்டிருந்த என் கணவருக்குப் புரை ஏறிவிட்டது. முகம் சிவக்க இருமினார்.

"யாரோ நெனைக்கிறாங்க" என்று சிரித்தபடி, தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே அவர் உச்சந்தலையில் தட்டப் போனேன். மீன்கார அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"தண்ணி வேணாம்மா, இருமட்டும் வுடு. கடலைய வெளிய தள்ளத்தான் இருமல் வருது. சத்தம் நின்னாதான் பயப்படணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நாலாவது இருமலில் கடலை தெறித்து விழுந்தது. கணவர் மூச்சு விட்டார். நான் நன்றி சொன்னேன்.

"மீன வெட்டணுமா, முழுசா வேணுமா?" என்றார் அந்த அம்மா.

அவர் பிடித்த என் மணிக்கட்டில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. வீடு வரும்வரை அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.