போறேன் என்று சொல்லுங்கள், மிஸ்

ஆசிரியர் ஐயா, இந்தப் பத்திக்காக நான் அனுப்பும் கோணல் கையெழுத்தையும் ர, ற குழப்பத்தையும் வாரா வாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த வாரம் இன்னும் மோசமாக இருக்கும் — எரிச்சலில் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குச் சமூக சேவை மிஸ் வந்தார், என் மகள் மலரைப் பற்றி விசாரித்து எழுத. மலருக்கு இருபது வயது. ஆட்டிசம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வாள். ஒப்புக்குச் சொல்வது என்பதே அவளுக்குத் தெரியாது.

படிவம் நான்கு பக்கம். தானாகக் குளிப்பாரா? பொத்தான் போடுவாரா? எல்லாம் என்னிடம்தான். மலர் பக்கத்திலேயே இருக்கிறாள்! கடைசியில் அவள் தோளைத் தட்டி, "சரி மலர், வர்றேன் என்ன?" என்றார்.



கிளம்பும்போது நாமெல்லாம் "வர்றேன்" என்றுதானே சொல்கிறோம்? மலருக்கு வர்றேன் என்றால் வர்றேன்தான். சொன்னவர் வரும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். மழையானாலும் சரி. சோறும் இறங்காது. அதனால் எங்கள் வீட்டில் எல்லாரும் "போறேன்" என்றே சொல்வோம். என் மனைவி அப்படிச் சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்கக் கிளம்பி, பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவிடம் திட்டு வாங்காத நாளில்லை. "என்னாடி இது, காலங்காத்தால போறேன் போறேன்னுகிட்டு!"

மிஸ்ஸிடம் சொல்லக் கூச்சம். அவர் படியிறங்கும்போதுதான் வாய் வந்தது.

"மிஸ்... போறேன்னு சொல்லிட்டுப் போங்க."

"ஐயோ, அப்புடியெல்லாம் சொல்லக் கூடாதுங்கண்ணே!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மலர் நாற்காலியைத் தூக்கினாள்.

இருட்டியதும் இரண்டு பேராக இழுத்து உள்ளே கொண்டுவருவோம். விடிந்தால் மறுபடி வாசல். வெறும் தேத்தண்ணிதான். மூன்றாம் நாள் இருமல் பிடித்துக்கொண்டது. இனிக் கூச்சமாவது, ஒன்றாவது! மிஸ்ஸுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டதும் அவர் சொன்னார்:

"ஸ்பீக்கர்ல போடுங்கண்ணே... மலர், நான் போறேன்மா."

மலர் எழுந்தாள். நாற்காலியோடு உள்ளே போனாள். "சோறு," என்றாள்.

நான்கு பக்கப் படிவத்தில் இதற்கு ஒரு வரி இல்லையே? "இவரிடம் எப்படிப் பேச வேண்டும்?" என்று பெற்றவனைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா?

மிஸ் நல்லவர்தான். "மன்னிச்சுக்குங்கண்ணே, எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார். அப்புறம், வாய்ப் பழக்கம்...

"சரிங்க, வர்றேன்."

ஸ்பீக்கரை நான் அணைத்திருக்கவில்லை.

ஒரு கையில் மலருக்குக் குடை, மறு கையில் பேனா. எழுத்து கோணாமல் என்ன செய்யும்?

வாசலிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 15.