மூன்றாவது குரலுக்கு ஒரு கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எதிர் ஃபிளாட் நிவேதா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டெல்லி மயூர் விஹாரில் இரண்டு மணிக்கு என் தூக்கத்தைக் கலைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். அவளுக்கு உண்டு.

"ஆன்ட்டி, ரூம்ல நாங்க ரெண்டே பேர்தான் இருந்தோம். இது மூணு பேர்ங்குது."

நிவேதா பி.ஏ. ஹிஸ்டரி, இரண்டாம் வருஷம். சயன்ஸ் படிக்காத காலேஜ் பிள்ளைகளுக்கும் ஆராய்ச்சி செய்ய ஃபெலோஷிப் தருகிறார்கள் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு வாரம். அந்தக் காலத்தில் கரோல் பாகில் வாடகைக்குக் குடிவந்த தமிழ் குமாஸ்தாக்களைப் பேட்டி எடுக்க வேண்டும். பத்துப் பேட்டி. ஒன்று குறைந்தாலும் சர்டிஃபிகேட் கிடையாது. மேல்படிப்புக்கு அவள் மலைபோல நம்பியிருப்பது அதைத்தான். அவள் அப்பா வேறு, "ஹிஸ்டரி படிச்சு என்னத்தக் கண்ட?" என்று தினம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் பேட்டிகளைக் கேட்டு எழுதித் தருவது நான். எந்த இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று பிரித்துக் காட்டுவது ஒரு சாஃப்ட்வேர். பத்தாவது பேட்டிக்கு அது காட்டியது... மூன்று பேர்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். பேசுகிறவர் ராஜகோபால் சார். ரிட்டயர்ட் செக்‌ஷன் ஆஃபீசர். எண்பது தாண்டியவர். கல்யாணமே செய்துகொள்ளாதவர். "இந்த வீட்டுக்கு வரச்சே என் கையில ஒரே ஒரு ட்ரங்க் பெட்டி" என்கிறார்.

"ரெண்டு பெட்டி."

ஒரு பெண் குரல். மெதுவாக, கொஞ்சம் சலிப்பாக... பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே திருத்துவது மாதிரி. அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டு போகிறார். நிவேதாவும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவர்கள் இருவர் காதிலும் அது விழவே இல்லை.

வெளியே நல்ல வெயில். எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப் போயிற்று.

சார் வீட்டு வேலைக்காரியா? அவள் பீஹார்க்காரி, தமிழ் தெரியாது, காலையிலேயே வந்துவிட்டுப் போய்விடுவாள். டி.வி.யா? அவர் வீட்டில் டி.வி.யே இல்லை. பக்கத்து வீடு? சுற்றிலும் துணி குடோன்கள்.

"வெட்டிடு. ரெண்டு செகண்ட்தானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். பயம் வந்தால் எனக்கு நேர்மை போய்விடும்.

"ரெக்கார்டிங்கைத் தொட்டா ஃபெலோஷிப்பே கேன்சல் ஆன்ட்டி. அதுல இருக்கிற ஒவ்வொரு குரலுக்கும் சம்மதக் கையெழுத்து வேற வேணும்."

இரண்டே இரண்டு வார்த்தைக்கு ஒரு கையெழுத்து. இந்த டெல்லியில் ஃபாரத்திடமிருந்து யாருமே தப்ப முடியாது போலிருக்கிறது.

வியாழக்கிழமை இருவருமாக மெட்ரோ பிடித்து கரோல் பாக் போனோம். சார் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"யார் அங்கிள் இது?"

"தெரியலையேம்மா. எங்கம்மா குரல் இல்லை. அக்கா தங்கைன்னு எனக்கு யாரும் கிடையாது." ஹெட்ஃபோன் வயரைச் சுற்றி வைத்தார். "ஆனா சொன்னது சரிதான். ரெண்டு பெட்டிதான். ஒண்ணு சிநேகிதன்கிட்ட இரவல் வாங்கினது. ஒரே வாரத்துல திருப்பிக் கொடுத்துட்டேன். எனக்கே மறந்து போச்சு."

அப்படியானால் அவர் குடிவந்த அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? நான் கேட்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். பரவாயில்லை சார் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

"உங்க பேட்டிய விட்டுடறேன் அங்கிள். வேற யாராவது கிடைப்பாங்க" என்றாள் நிவேதா. திங்கட்கிழமை கடைசி நாள். யார் கிடைப்பார்கள்?

"விட்டுடாதேம்மா" என்றார் சார். "இத்தனை வருஷமா நான் இங்க தனியா இருக்கேன்னு நினைச்சுண்டிருந்தேன்."

பயந்துகொண்டு சொல்லவில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் உதறலெடுத்தது. தனியாக இருப்பவர்களைப் பார்த்தால் 'ஐயோ பாவம்' என்கிறோம். கூட யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் ஏன் செருப்பைத் தேடுகிறோம்?

நேற்று அவரே நிவேதாவுக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"நாளைக்கு அந்த ஃபாரத்தை எடுத்துண்டு வாம்மா. கேட்டுப் பார்த்தேன். சரின்னுட்டா."

நிவேதா என்னைப் பார்த்தாள். துணைக்கு வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். பாவம், அவள் எதிர்காலம் இல்லையா?

இன்று காலையிலிருந்து எனக்கு லேசான ஜுரம் — நிவேதாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.