சித்தப்பாவைப் பற்றிப் பத்து வாக்கியங்கள்

எங்கள் சித்தப்பா கையில் காசு தங்காது என்பது தெருவுக்கே தெரியும். தூத்துக்குடியில் அவர் சங்கு குளிக்கப் போகிற படகில் சனிக்கிழமை பங்கு பிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவர் சட்டைப்பையில் ஒன்றும் இருக்காது. அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்ததால் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே சித்தப்பாவை ஏசும் பொறுப்பு முழுவதும் அம்மாவுடையது. அதில் அம்மா ஒரு குறையும் வைத்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் சித்தப்பாவுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டாருக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. மாப்பிள்ளை ஊதாரி என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண் யாரென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஓட்டை வாய் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் இங்கிலீஷ் மிஸ் கரும்பலகையில் ‘ஸ்பெண்ட்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். கீழே அதே பொருளில் வரும் பத்துச் சொற்கள். வாங்குவது, கொடுப்பது என்று சாதுவாகத் தொடங்கி வேஸ்ட், ஸ்ப்ளர்ஜ், ஸ்குவாண்டர் என்று போகப்போகச் செலவு கூடிக்கொண்டே போனது. ஊதாரித்தனமாக அழிப்பது என்று பொருள்படும் கடைசிச் சொல்லைச் சொல்லிப் பார்க்கவே நாக்கு சுளுக்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். வீட்டில் யார் எப்படிச் செலவு செய்கிறார்கள் என்று பார்த்து உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

மற்ற பிள்ளைகள் முழித்தார்கள். எனக்கென்ன கவலை? மிஸ்ஸிடம் பத்துச் சொல்தான் இருந்தது, அம்மாவிடம் அதைவிடக் கூடுதலாகவே இருந்தது. காசைக் கரியாக்குதான், தண்ணியா விடுதான், வாரி இறைக்கான், கடல்ல எடுத்ததக் கடல்லயே கொட்டுதான். ஒவ்வொன்றையும் மிஸ்ஸின் சொல் ஒன்றுக்கு ஜோடி சேர்த்தேன். திருவிழாவில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரையும் ராட்டினத்தில் ஏற்றிய கதை ஸ்ப்ளர்ஜுக்குப் போனது. பேக்கரியில் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வழியெல்லாம் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியோடு வீடு வந்தது வேஸ்டுக்கு. ஸ்குவாண்டருக்கு மட்டும் பெரிதாக ஏதாவது வேண்டுமே என்று யோசித்து, சித்தப்பா இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டில் பணத்தைத் தொலைக்கிறார் என்று எழுதினேன். அம்மா அதற்குத்தான் அதிகமாக ஏசுவாள்.

மறுநாள் எல்லார் நோட்டும் திரும்பி வந்தது. என்னுடையது வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். என்ன எழுதினாய் என்று கேட்டாள். பெருமையாகப் பத்தையும் தமிழில் ஒப்பித்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏளா, அந்த மிஸ்தாம்ளா பொண்ணு! குடியக் கெடுத்துட்டியேளா!”

சித்தப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடி விழும் என்று நான் கதவுக்குப் பின்னால் போனேன். அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, “விடுங்க மதினி, புள்ள உள்ளதத்தான எழுதியிருக்கு” என்றார். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் தட்டில் இருந்த பாறை மீன் துண்டு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. உலகத்தில் எனக்கு அவரைப்போல் பிடித்த ஆள் வேறு யாரும் கிடையாது. அவர் கல்யாணத்தை நான்தான் கெடுத்தேன் என்று அன்று ராத்திரி முழுக்க நம்பினேன்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் மிஸ் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். என் நோட்டு அவர் கையில் இருந்தது.

“ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி யார் வீடு அது?”

“சித்தப்பாவோட சேக்காளி வீடு மிஸ். கூட சங்கு குளிச்ச மாமா. ஆழத்துலேருந்து ஏறும்போது அவங்களுக்குக் கால் ரெண்டும் விழுந்துட்டு. தண்ணியில எறங்காதவங்களுக்குப் படகுல பங்கு கெடையாது. அதனால சித்தப்பா தம் பங்குல பாதிய அங்கன குடுத்துருவாங்க.”

“ரெண்டு வருசமாவா?”

“ஆமா மிஸ். அம்மா ஏசுவாங்க. தனக்குன்னு ஒரு நல்ல சட்டை எடுக்க மாட்டேங்கானேம்பாங்க.”

மிஸ் நோட்டைப் பிரித்து அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தார். ஸ்குவாண்டரில் ஓர் எழுத்தை நான் விட்டிருந்தேன். அதை அவர் சுழிக்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. அம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். என் இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் மிஸ் மனம் இளகினார் என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மிஸ் சித்தியானார். சனிக்கிழமைகளில் ஐஸ் கம்பெனிப் பக்கம் இரண்டு பேராகப் போனார்கள். காசைக் கரியாக்க வீட்டில் ஒருத்தன் பத்தாதா என்று அம்மா இருவரையும் சேர்த்து ஏசினாள்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. பாடம் நடத்திய தேதிகளை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். செலவைப் பற்றி அதில் ஒரு பாடமும் இல்லை, அந்தப் பத்துச் சொற்களும் எங்கேயும் இல்லை. அந்த வாரம் எங்களுக்கு நடந்திருக்க வேண்டியது ஒட்டகத்தைப் பற்றிய பாடம்.