கல்யாணப் புடவை கறுத்துப்போன வெள்ளிக்கிழமை

நான் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். கேம் விளையாடுகிற லேப்டாப்தான் வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டு வாங்கினேன். புடவையை ஒரு பொம்மைக்குக் கட்டிச் சுழற்றிக் காட்டுகிற சாஃப்ட்வேர் சாதாரண லேப்டாப்பில் திணறும் என்று கணவரிடம் விளக்கம் கொடுத்தேன். அது பொய்யில்லை. சாயங்காலமானால் அதே லேப்டாப்பில் கார் ஓட்டிச் சுவரில் மோதிக்கொண்டிருப்பேன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அந்த லேப்டாப்புக்குள் படம் வரைவதற்கு இரண்டு சிப் இருக்கின்றன. சின்னது ப்ராசசரோடு ஒட்டிப் பிறந்தது. மெயில் பார்க்க, பாட்டுக் கேட்க அதுவே போதும், பேட்டரியும் நின்று வரும். கனமான வேலை வந்தால் பெரிய சிப் விசிறி இரைச்சலோடு எழுந்து வரும். எந்த வேலை யாருக்கு என்று லேப்டாப்பே பார்த்துக்கொள்ளும். இதைப் படித்த அன்றே சின்ன சிப்பின் மேல் எனக்கு இளக்காரம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஏற்பாடும் கிட்டத்தட்ட அதுதானே. கண் எரிய உட்கார்ந்து மயிலும் யாளியும் வரைவது நான். வருகிற கடைக்காரர்களுக்கு நாற்காலி போட்டு, சொந்தபந்தம் விசாரித்து, வரைந்ததைக் காட்டுவது என் கணவர். இதில் பாரம் இழுப்பது யார் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அதுவரை வேலையெல்லாம் கடைகள் வழியாகத்தான் வந்தது. புடவையைக் கட்டுகிறவளுக்கு என் பெயர் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் தடவையாக ஒரு கல்யாண வீட்டார் ஓரிக்கையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முகூர்த்தப் புடவை. பிடித்துப்போனால் என் பெயரைச் சொல்லி இன்னும் நாலு பேர் வருவார்கள். பிடிக்காவிட்டால் பழையபடி கடைக்காரருக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் பார்த்துச் சரி சொல்லிவிட வேண்டும் என்று பெண்ணின் பெரியம்மா செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். முடிவு அவர் கையில்தான் என்பது அப்போதே தெரிந்தது.

என் கணவர் வாயைத் திறந்தால் பேச்சிலேயே பத்தரை ஆகிவிடும். இன்று நானே காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி அவரைக் காப்பி போட அனுப்பினேன். அவர் பால் காய்ச்சப் போனார்.

அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. பொம்மை மெதுவாகத் திரும்பியது. கல்யாணப் பெண் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து முந்தி விக்கி விக்கி நகர ஆரம்பித்தது. சின்ன சிப்தான் வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. செட்டிங்கில் போய் இந்த சாஃப்ட்வேரைப் பெரிய சிப்புக்கு ஒதுக்கினால் போதும். நிதானமுள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள். நான் சின்ன சிப்பையே முடக்கப் போனேன். நிச்சயம்தானா என்று லேப்டாப் கேட்டது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த பெருமையில் ஆமாம் என்று தட்டினேன்.

ஸ்கிரீன் கறுத்துவிட்டது.

அணைத்துத் திரும்பப் போட்டேன். கம்பெனி முத்திரை ஒரு தரம் முகம் காட்டிவிட்டுப் போனது, மறுபடியும் கறுப்பு. பெரியம்மா கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு பொடவய பாக்கச் சொல்லோ இப்டி இருட்டிக்கினு போச்சே. மனசுக்கு ஒரு மாரியா இருக்குது மா," என்றார்.

பெண்ணின் முகம் வாடிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. சிப், டிரைவர் என்று ஏதேதோ உளறினேன். ஒருவருக்கும் புரியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

அப்போது கணவர் காப்பித் தட்டோடு வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெரியம்மாவிடம் தட்டை நீட்டினார்.

"அலங்காரம் நடந்துக்கினு இருக்குது மா. கோயில்ல முடியற வரைக்கும் சாமிய மூடித்தான வெச்சிருப்பாங்க? நாம நின்னுக்கினுதான இருப்போம்," என்றார்.

பெரியம்மாவின் கை சங்கிலியை விட்டுவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் கோயிலில் நிற்கிறவர்களைப் போலவே பொறுமையாகிவிட்டார்கள். இத்தனை பேர் இந்தச் சின்ன ஸ்கிரீனில் எப்படிப் பார்ப்பார்கள், டிவியில் போடேன் என்று கணவர் என்னிடம் சொன்னார். உள்ளேயே செத்துக் கிடக்கிறது, டிவியில் மட்டும் எங்கிருந்து வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாடமே எடுத்தேன். பாடம் முடிவதற்குள் அவர் வயரைச் சொருகிவிட்டார். டிவியில் படம் வந்தது. சாஃப்ட்வேரைத் திறந்தேன். டிவி உயரத்துக்கு நின்ற பொம்மையின் முந்தி, விக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

காரணத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். என் லேப்டாப்பில் ஸ்கிரீனுக்குப் போகிற வயர் சின்ன சிப்பிடம்தான் இருக்கிறதாம். பெரியது வரைந்து கொடுப்பதை அதுதான் வாங்கி வெளியே காட்டுகிறது. டிவி வயரைச் சொருகுகிற ஓட்டை மட்டும் பெரிய சிப்போடு நேராகச் சேர்ந்தது. அது இல்லாவிட்டால் பெரிய சிப் உள்ளே உட்கார்ந்து பிரமாதமாக வரைந்துகொண்டே இருந்திருக்கும், பார்க்கத்தான் ஆள் இருந்திருக்காது.

இதுதான் வேண்டும் என்று பெண் சொல்லிவிட்டாள். பெரியம்மாவும் சரி என்றார். என்ன அழகாகப் போட்டிருக்கிறீர்கள் என்று என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான் காட்றவன்தான் மா. போட்டது இவ. பேர் கேட்டாக்க இவ பேர சொல்லுங்க," என்றார் அவர்.

பத்தரைக்குள் குங்குமம் கொடுத்து அனுப்பினேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மத்தியானம் முதல் வேலையாகச் சின்ன சிப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில், என் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கல்யாண வீட்டார் வந்தார்கள். கணவர் தானாகவே எழுந்து அடுப்படிப் பக்கம் போனார்.

"காப்பி நான் போட்றேன். நீங்க இங்க இருங்க," என்றேன்.

காப்பி தண்ணியாகத்தான் இருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.