நின்று நின்று நடந்த குதிரை

குதிரையேற்றம் கற்கப் போகிறவர்கள் முதலில் ஹெல்மெட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு பண்ணையில் முதல் வகுப்பு. நான் ஏறிய வயதான குதிரை கொஞ்ச தூரம் நடந்து நின்றது. உதைத்தால் நடந்தது; அதே அளவு தூரத்தில் மறுபடி நின்றது. எதிரே வெறும் மணல்.

“மாஸ்டர், எதிர்ல எதுனா கீதா?” என்றேன் பயிற்சியாளரிடம்.

“ஒண்ணும் இல்லம்மா. நீ மூச்சப் புடிக்கிற, அது நிக்குது.”

“நான் எங்க மாஸ்டர் புடிக்கிறேன்?”

“கவனிச்சுப் பாரு.”

கவனித்தேன். என் மூச்சு தானாக நின்றது, தொடை இறுகியது, குதிரை நின்றது. அந்த இடைவெளி எனக்குத் தெரிந்ததுதான். ஒரகடத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை லைனில் தகடு அழுத்தும் பிரஸ் இறங்கும்போதெல்லாம், விரல் போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லைன் ஓடவில்லை.

பயந்துபோய் இறங்கிவிட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு லாயத்துக்கு நடந்தேன். என் பக்கத்தில் குதிரை நின்று நின்றுதான் வந்தது.

இப்போதும் வாராவாரம் போகிறேன். குதிரை நின்றால் உதைப்பதில்லை. எனக்குள் பிரஸ் இறங்கி, மறுபடி மேலே ஏறும்வரை காத்திருக்கிறேன்.