பீரோ வண்டிக்கு நான் செய்த ஒயரிங்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய் அரைக்கும்போது மிக்ஸியின் சுவிட்ச் கருகிவிட்டது. புகை பெரிதாக ஒன்றும் வரவில்லை, வாடைதான் வந்தது. பிளாஸ்டிக்கும் செம்பும் சேர்ந்து தீயும் அந்த வாடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் குடித்தாலும் போகாது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்திருக்கும். அரைபட்டும் படாமலும் இருந்த தேங்காயைப் போட்டு ஏதோ ஒரு கறி வைத்தோம்.

அண்ணன் போய் இது ஏழாவது மாதம். சார்ஜாவில், வேலை முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். இருபத்தெட்டு வயதில் என்ன நெஞ்சுவலி? அதை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நான் சொல்ல வந்தது அவன் செய்த காரைப் பற்றி. அதில் நான் செய்ததைப் பற்றியும்.

சார்ஜாவுக்குப் போவதற்கு முன்னால் அண்ணன் மார்த்தாண்டத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தான். விபத்தில் நொறுங்கிய வேன் ஒன்றின் இன்ஜினை ஆக்கர் கடையில் எடைக்கு வாங்கிக்கொண்டு வந்தான். பழைய இரும்பு வாங்கும் கடையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் போட்டு, சதுரக் குழாயை வெட்டி ஒட்டி, ஒரு வருஷத்தில் அதற்கு ஒரு உடம்பு கொடுத்தான். தகரம் போதவில்லை. அத்தை வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த பீரோவை உடைத்துக் கதவு போட்டான். பீரோவின் கைப்பிடியைக்கூட எடுக்கவில்லை, காரின் கதவைத் திறக்க அதையே திருக வேண்டும். சிதறால் மலைக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

"லே, பீரோ எப்பம் ஓடும்?"

"ஒம் பெஞ்சாதியக் கொண்டு வா, உள்ள வச்சுப் பூட்டித் தாறேன்" என்பான் அண்ணன்.

ஒயரிங் என் பொறுப்பு. எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று அண்டியாபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு உடைக்கும் கம்பெனியில், தோல் உரித்துக்கொண்டிருந்தேன். பருப்பு உடையாமல் தோலை எடுக்கிற விரல் என்பதால், டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒயர் முறுக்க நான்தான் சரி என்று அண்ணன் முடிவு செய்தான். மீதியை இரண்டு பேரும் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றோம். தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி, இந்தியில் சொன்னதற்குப் படம் மட்டும்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அண்ணன் கத்துவான்: "ரிலே! ரிலே!" ஹெட்லைட்டுக்குப் போடும் ரிலேயை எடுத்துத் தரச் சொல்கிறான். அம்மாவின் காதில் 'லே' மட்டும் விழுந்திருக்கிறது; எங்கள் பக்கம் ஆண்பிள்ளையைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அடுக்களையிலிருந்து வந்து அவன் காலில் அகப்பையால் ஒன்று போட்டாள்.

"பொம்பளப் பிள்ளைய என்னத்துக்குடே லேன்னு விளிக்க? ஏட்டின்னு விளி!"

அண்ணனுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. "அப்பம் இது ரிலே இல்ல. ஏட்டி, அந்த ரிட்டிய எடு." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரிலேக்கு ரிட்டி என்றே பெயர்.

அவன் எனக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். "சுவிட்ச் பாவம் பிள்ளே, அதுக்குக் கொள்ளாது. ஹெட்லைட்டுக்க கரண்ட் முழுசும் அது வழி போச்சுன்னா எரிஞ்சு போவும். சுவிட்ச் சும்மா சொன்னா மதி, அவ்வளவு போரும்; சொமக்கது ரிட்டி." எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று இப்போது சொல்ல முடியாது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரிலே, வேனிலிருந்து கழற்றியது. அந்த வாரம் ஆக்கர் கடையில் எனக்கு நத்தை மாதிரி சுருண்ட இரட்டை ஹாரன் ஒன்று கிடைத்தது. களியக்காவிளை தாண்டி வருகிற கேரளா பஸ் வளைவில் அடிக்குமே, அந்தச் சத்தம். அண்டியாபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி நான் அதை அடிப்பதாகவும், எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பதாகவும் எத்தனை நாள் நினைத்திருப்பேன்! ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானுக்கு நேரடியாக ஒயர் கொடுத்து அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் சுட்டது. அதனால் ரிலேயை ஹாரனுக்குப் போட்டேன். ஹெட்லைட்டை நேராக சுவிட்சில் மாட்டினேன். அடுத்த வாரம் இன்னொரு ரிலே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். என் விரல் சுட்டதை விரல் சொன்னது. சுவிட்ச் சுட்டால் யார் சொல்வது?

"ஏட்டி, ரிட்டி போட்டியா?"

"போட்டாச்சு அண்ணே."

பொய் இல்லை, பாருங்கள். எதற்குப் போட்டேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முற்றத்தில் ஐந்து நிமிஷம் எரியவிட்டுப் பார்த்தோம். பலாமரம் முழுக்க வெளிச்சம். அம்மா கை கூப்பினாள்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அவருக்கு அந்த வண்டி கண்ணில் விழுந்த தூசி. "எல்லாரும் சிரிக்கியானுவ. பெரியம்மைக்க வீட்டுக்கு அம்மையக் கூட்டிட்டுப் போய்த் திரும்பி வா பாப்பம். வந்தா இந்தச் சவத்து வண்டி இங்ஙனயே கெடக்கட்டு. இல்லேன்னா ஆக்கருக்குப் போட்டிருவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு வருஷம் அந்த ஒரு பயணத்துக்காகத்தான் உழைத்தான்.

களியக்காவிளையில் பெரியம்மா வீடு. போலீஸுக்குப் பயந்து மேல்புறம் வழியாக உள்ரோட்டிலேயே போனோம். அம்மா முன்னால், நான் பின்னால். போகும்போது வளைவுக்கு வளைவு என்னை ஹாரன் அடிக்கவிட்டான். நான் பின்சீட்டிலிருந்து எக்கி எக்கி அடித்தேன். பெரியம்மா வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போட்டாள், பேச்சு நீண்டது, புறப்படும்போது இருட்டிவிட்டது. ஹெட்லைட் போட்டுக் கால்மணி நேரம் இருக்கும். அந்த வாடை வந்தது. எனக்குத்தான் முதலில் வந்தது. வாயைத் திறந்து "அண்ணே, நிப்பாட்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ரிலே விஷயம் வெளியே வந்துவிடும். வீடு பக்கத்தில்தான், போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ரப்பர் தோட்டத்து இறக்கத்தில், இரண்டு விளக்குகளும் ஒன்றாய் அணைந்தன.

ஓடையின் கல்சுவரில் இடித்து நின்றோம். அம்மாவின் மணிக்கட்டு ஒடிந்தது. அண்ணனுக்கு நெற்றியில் ரத்தம். எனக்கு ஒன்றுமில்லை. ஆட்கள் செல்போன் வெளிச்சத்தோடு ஓடிவந்தார்கள். அப்பாவும் ஒரு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அம்மாவின் கையைப் பார்த்தார், கருகிய சுவிட்சைப் பார்த்தார்.

"ஆருலே இத ஒயர் செஞ்சது?"

அண்டியாபீஸ் பிள்ளைகளிடமெல்லாம் என் ஒயரிங் என் ஒயரிங் என்று பீற்றித் திரிந்தவள் நான். அப்பா ஒருவரிடம்தான், பெண்பிள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேலை என்பார் என்று மறைத்திருந்தோம். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் சொன்னது: "அண்ணன்தான்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான். "நான்தான் அப்பா. அவசரத்துல கெடுத்திட்டேன்" என்றான். அத்தனை பேர் முன்னால் அப்பா அவனைக் கன்னத்தில் அடித்தார். மீசை வைத்த ஆம்பளை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஆக்கர் கடை வண்டி வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் அண்ணன் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ஒயரை ஒவ்வொன்றாகப் பிடித்து ரிலே வரைக்கும் போய்ப் பார்த்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஹாரன் கொள்ளாம், நல்ல சத்தம், இல்லியாட்டி?" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். மூன்று மாதத்தில் அவன் விசா வாங்கிப் போய்விட்டான். போனில் சொல்லிவிட வேண்டும் என்று, அவன் லீவில் கூப்பிட்ட எத்தனை வெள்ளிக்கிழமை நினைத்திருப்பேன்! அவன் பேச்சை அம்மா கைக்கும் மாத்திரைக்கும் திருப்பிவிடுவான். எனக்கும் அது சவுகரியமாக இருந்தது.

பதினாறாம் நாள் சடங்குக்கு வந்தவர்களிடம் அப்பா சொன்னார்: "எல்லாப் பணியும் தெரியும் எம் பயலுக்கு. ஒயரிங் மட்டும் வராது." சொல்லும்போதே அழுதார். கேட்டவர்கள் அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தார்கள். நான் பந்திக்கு இலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் மிக்ஸி கருகிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். "அப்பா, வண்டிக்கு ஒயரிங் நான் செஞ்சது. அண்ணன் இல்ல."

அப்பா என்னையே பார்த்தார். "ஒனக்கு ஒயரப் பத்தி என்ன மக்ளே தெரியும்?"

நான் ரிலேயின் நாலு காலும் எது எதற்கு என்று சொன்னேன். ஹாரனைச் சொன்னேன். வாடை வந்தும் வாய் திறக்காததைச் சொன்னேன். அப்பா என் தலையில் கை வைத்தார். "போதும் மக்ளே. அவன் போயாச்சு. அவனுக்கு வேண்டி நீ பழி ஏக்காண்டாம்."

அம்மாவைப் பார்த்தேன். "சும்மா இரிட்டி" என்றாள். ஒயர் முறுக்கியது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். ரிலே விஷயமும் முன்பே தெரியுமா தெரியாதா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வண்டியை அப்போதே உருக்கியிருப்பார்கள். அது நின்ற இடத்தில் அப்பா மரச்சீனிக் கிழங்கு நட்டிருக்கிறார். உள்ளே குனிந்து ஒயரைப் பார்த்த ஒரே ஆள், அண்ணனும் இப்போது இல்லை. இன்று காலையில் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கேட்டது.

"எம் மவளுக்கு அண்ணன்னா உசிரு. அவன் செஞ்ச தப்பக்கூட, நான் செஞ்சேன்னு சொல்லுகா, பாத்துக்கிடும்."